ட்ரெமோலோவா, பேனிங்கா: மதுரைப் பக்கத்து மேடைகளில் எது எடுபடும்?

மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசிப்பவர்கள் ப்ராசஸரில் (பல எஃபெக்ட்டுகள் அடங்கிய பெட்டி) புதுப் பேட்ச் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு) அமைப்பது பெரும்பாலும் ராத்திரி நேரத்தில், ஹெட்போன் போட்டுக்கொண்டு. ஹெட்போனில் ஆட்டோ பேனை மிஞ்ச எதுவும் கிடையாது. ஒரு கார்டை மீட்டி அப்படியே விட்டால் ஒலி இடது காதிலிருந்து வலது காதுக்கு நகர்ந்து திரும்பி வரும். அதன் பக்கத்தில், ஒலியளவை மட்டும் துடிக்க வைக்கும் ட்ரெமோலோ சாதுவாகத்தான் தெரியும். அதே பேட்ச்சை உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊர்த் திருவிழா மேடையில் வாசித்தால் கதை தலைகீழாகிவிடும். பேன் போட்ட தடமே இருக்காது. ட்ரெமோலோதான் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்.

எனவே இரண்டில் எது நல்லது என்று காதை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது. கிட்டார் ஒலி ப்ராசஸரை விட்டு வெளியேறியபின் எந்த வழியாக, எத்தனை ஸ்பீக்கருக்கு, எப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது.

உள்ளே நடப்பது

இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றே. எல்எஃப்ஓ என்கிற மெதுவான அலை, நொடிக்குச் சில முறை ஏறி இறங்குகிறது. ட்ரெமோலோவில் அந்த அலை ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும். ஆட்டோ பேனில் இடது பக்கம் ஏறும்போது வலது பக்கம் இறங்கும். அதாவது, எதிரெதிராக ஓடும் இரண்டு ட்ரெமோலோக்களைச் சேர்த்தால் அதுதான் பேன். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மேடையில் வரும் குழப்பத்தில் முக்கால்வாசிக்கு விடை கிடைத்துவிடும். எஃபெக்ட் பட்டியலில் வைப்ராட்டோ என்று இருப்பதை ட்ரெமோலோ என்று எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது ஒலியளவைத் தொடாது, சுருதியை அசைக்கும். தபேலாவும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் கிட்டார் சுருதி விலகியதுபோல் கேட்கும்.

மோனோவில் பேன் என்ன ஆகிறது

கிராமத்து மைக்செட் கிட்டத்தட்ட எப்போதும் மோனோ, அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. மேடையில் ஒரு மிக்சர், அதிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து தெரு நெடுகக் கட்டிய குழாய்கள். டவுனில் மண்டபங்களில் மேடைக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் நிற்கும். அங்கேயும் மிக்சரிலிருந்து ஒரே வயர்தான் இரண்டுக்கும் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் இருப்பதாலேயே அது ஸ்டீரியோ ஆகிவிடாது.

பேன் போட்ட ஒலி மோனோவாகச் சேரும்போது மூன்றில் ஒன்று நடக்கும்.

இடதும் வலதும் கணக்காக எதிரெதிரே ஏறி இறங்கினால், இரண்டையும் கூட்டும்போது அளவு மாறவே மாறாது. எஃபெக்ட் ஓடிக்கொண்டிருக்கும், விளக்கும் எரியும், காதில் மட்டும் ஒன்றும் விழாது.

நடுவில் ஒலி தணியாமல் இருக்க ஒவ்வொரு பக்கத்தையும் 3 டெசிபல் மட்டும் குறைக்கிற வகைப் பேன் என்றால், கூட்டும்போது நடுப்பகுதி 3 டெசிபல் தூக்கும். ஒலி நடுவைத் தாண்டுவது போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. அதனால் நொடிக்கு 2 முறை என்று வைத்த பேன், மோனோவில் நொடிக்கு 4 முறை லேசாகத் துடிக்கும். கிட்டார் ஏதோ சரியில்லாமல் ஆடுகிறது என்று சவுண்ட்காரர் ஃபேடரை (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் நெம்பை) தேடுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, இடது அவுட்டை மட்டும் மிக்சருக்குக் கொடுப்பது. ப்ராசஸர் தானாகவே இரண்டையும் கூட்டி மோனோவாக்கினால் மேலே சொன்ன இரண்டில் ஒன்று நடக்கும். கூட்டாமல் இடதை மட்டும் அனுப்பினால் பேன் முழு ஆழமுள்ள ட்ரெமோலோவாக மாறிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் கிட்டார் அமுங்கிப்போகும்.

இவற்றில் ஒன்றுகூட நாம் வேண்டுமென்று கேட்டதில்லை. அதனால் மோனோ மைக்செட் என்று தெரிந்தால் பேனை மறந்துவிட்டு ட்ரெமோலோவை எடுப்பதே சரி. இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ட்ரெமோலோவை எவ்வளவு ஆழமாக வைப்பது

மைக்செட் மோனோ, ட்ரெமோலோதான் என்று முடிவான பிறகும் எண்கள் முக்கியம். சைன் அலையில் டெப்த்தை (துடிப்பின் ஆழத்தை) முழுக்க ஏற்றினால் ஒலி ஒவ்வொரு சுற்றிலும் பூஜ்யத்துக்கு இறங்கி ஏறும். சராசரி சக்தியில் அது ஏறத்தாழ 4 டெசிபல் இழப்பு. எஃபெக்டை அமுக்கியதும் கிட்டார் பின்னால் போய்விட்டது என்று தோன்றுவது இதனால்தான். பேட்ச்சில் எஃபெக்ட் லெவலை 3 டெசிபல் ஏற்றி வையுங்கள். அதற்குமேல் ஏற்றினால் அலையின் உச்சியில் மிக்சர் சிவப்பைத் தொடும்.

வேவ் ஷேப் என்பது அலையின் வடிவம். முக்கோணமும் சைனும் மென்மையானவை. மெலடிப் பாட்டின் இடையிசைக்கு இவை போதும். சதுர அலை ஒலியை வெட்டி வெட்டித் தரும். பாஸ் நிறுவனத்தின் ஜிடி-1 போன்ற ப்ராசஸர்களில் வேவ் ஷேப் 0 முதல் 100 வரை போகும்; எண் ஏற ஏறச் சதுரத்தை நெருங்கும். முழுச் சதுரத்தில் ஒவ்வொரு வெட்டிலும் சிறு டிக் சத்தம் எழலாம். சுத்தமான டோனில், குறிப்பாகக் கீழ்க்கம்பிகளில், அது நன்றாகவே தெரியும். 70-ஐ ஒட்டி நிறுத்தினால் வெட்டும் கிடைக்கும், டிக்கும் அடங்கும்.

டெப்த்துக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. காரணம், கூடத்தின் எதிரொலி. தரை முழுக்க டைல்ஸ், சுவர் நெடுக வெறும் சிமென்ட், உயரமான கூரை என்று இருக்கும் மண்டபத்திலோ பழைய கோயில் கட்டடத்திலோ ஒலி உடனே அடங்குவதில்லை. ஒலி 60 டெசிபல் அடங்க 2 நொடி எடுக்கும் கூடம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 6 முறை துடிக்கும் ட்ரெமோலோவில் பாதிச் சுற்று 83 மில்லிநொடி. அந்த நேரத்தில் கூடத்தின் எதிரொலி இரண்டரை டெசிபல்தான் இறங்கும். ப்ராசஸரில் டெப்த் 100 வைத்தாலும், எதிரொலியே மேலோங்கி நிற்கும் பின்வரிசையில் இருப்பவருக்கு அந்த இரண்டரை டெசிபல் அசைவுதான். நொடிக்கு 2 முறை என்று குறைத்தால் பாதிச் சுற்று 250 மில்லிநொடி. இறக்கம் ஏழரை டெசிபல். இப்போது துடிப்பு கேட்கிறது. எதிரொலிக்கும் கூடத்தில் டெப்த்தைத் திருகிக்கொண்டிருப்பதைவிட ரேட்டை (துடிப்பின் வேகத்தை) குறைப்பதே பலன் தரும். பாஸ் கிட்டார், கீபோர்டு என்று எல்லாமே கலங்கிக் கிடக்கும் கூடமாக இருந்தால், ட்ரெமோலோ இல்லாமல் வாசிப்பது பாட்டுக்கும் நல்லது.

தெருவில் கட்டிய குழாய்களுக்கு வேறு கணக்கு. மதுரை வெயிலில், 35 டிகிரி சூட்டில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 352 மீட்டர் போகிறது. கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் 35 மீட்டர் தூர வித்தியாசம் இருந்தால், இரண்டாவது ஒலி 100 மில்லிநொடி தாமதமாக வரும். நொடிக்கு 5 முறை துடிக்கும் ட்ரெமோலோவில் பாதிச் சுற்றும் அதே 100 மில்லிநொடி. ஒரு குழாயின் பள்ளத்தை இன்னொன்றின் மேடு நிரப்பிவிடும். அந்த இடத்தில் நிற்பவருக்கு ட்ரெமோலோ மங்கிப்போகும், வேறோர் இடத்தில் நிற்பவருக்கு மறுபடி தெரியும். இதற்கு ப்ராசஸரில் மருந்து இல்லை. மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்காக வாசியுங்கள், தெருக்கோடியை விட்டுவிடுங்கள்.

பேன் எங்கே ஜெயிக்கும்

வீட்டில் ரெக்கார்டிங். கேட்பவர் ஹெட்போனில் கேட்பார் என்று தெரிந்த இடம். உண்மையிலேயே ஸ்டீரியோவாக வயர் இழுத்த கல்லூரி அரங்கம். சர்ச்சில் நடுவில் உட்காரும் சபைக்கு இரண்டு பக்கமும் தனித்தனிச் சேனலில் ஸ்பீக்கர் இருந்தால் அங்கேயும். இங்கெல்லாம் பேன் தரும் விரிவை ட்ரெமோலோவால் தர முடியாது. பாட்டுக்கு முன்னால் வரும் அமைதியான ஆர்பெஜியோ, ஜெபநேரத்தில் பின்னால் நிற்கும் நீண்ட கார்டுகள் ஆகியவற்றுக்கு இது மிகவும் பொருந்தும்.

ஸ்டீரியோ இருந்தாலும் ஒரு கட்டுப்பாடு தேவை. அகலமான மேடையில் இடது ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார்ந்தவருக்கு வலது ஸ்பீக்கர் கேட்பதே அரிது. பேனை முழுக்க விரித்தால் அவருக்குப் பாதி நேரம் கிட்டாரே இருக்காது. கூட்டத்துக்கு வாசிக்கும்போது டெப்த்தை 30 முதல் 40-க்குள் வையுங்கள். ஹெட்போனில் கேட்டால் இது போதவில்லை என்று தோன்றும், தோன்றட்டும். ரேட்டையும் மெதுவாக, ஒரு சுற்றுக்கு 2 முதல் 4 நொடி என்று வைத்தால் ஒலி நகர்வது சுகமாக இருக்கும். நொடிக்கு 5 முறை பக்கம் மாறும் பேனில் காதுக்கு நகர்வு புலப்படாது, படபடப்புதான் மிஞ்சும். அந்த வேகம் வேண்டுமென்றால் ட்ரெமோலோவே போடலாம்.

கீபோர்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் பியானோ ஒலிகளில் பல, பேனோடு சேர்ந்தே வரும். ரோட்ஸ் பியானோவின் சூட்கேஸ் மாடலில் இருந்த ஸ்டீரியோ அசைவைப் பின்பற்றியவை அவை. அது ஒரு வேகத்தில் ஆட, கிட்டார் வேறொரு வேகத்தில் ஆடினால் பாட்டுக்கு நிலையான தரை இருக்காது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பொதுவாகக் கிட்டார் விட்டுக்கொடுப்பதே சுலபம்.

வேகம், தாளம், டேப் டெம்போ

கணக்கு எளிது. பிபிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை) 60-ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை அடி என்று வரும். அடிக்கு 2 துடிப்பு வேண்டுமென்றால் 2-ஆல் பெருக்க வேண்டும். 3 என்றால் 3, 4 என்றால் 4. 90 பிபிஎம் பாட்டுக்கு முறையே 3, 4.5, 6 ஹெர்ட்ஸ். 120-க்கு 4, 6, 8.

இதில் அடிக்கடி வரும் தவறு நடையைக் கவனிக்காதது. தெம்மாங்கு மெட்டுகளில் பெரும்பாலானவை திஸ்ர நடை, அதாவது அடி மூன்றாகப் பிரியும். அங்கே அடிக்கு 2 அல்லது 4 என்று துடிக்கும் ட்ரெமோலோ போட்டால் டோலக்கோடு முட்டிக்கொண்டே இருக்கும். டேப் டெம்போவை (தட்டித் தட்டி வேகத்தைச் சொல்லும் பொத்தானை) அடிக்கு ஒரு தட்டு என்று தட்டிவிட்டு, பிரிவில் ட்ரிப்லெட்டைத் தேர்ந்தெடுங்கள். அடி நான்காகப் பிரியும் சதுஸ்ர நடைக்கு எட்டாம் அல்லது பதினாறாம் பிரிவு.

அடுத்தது, ஆள் வாசிக்கும் தாளம் இயந்திரம் போல் நிற்காது. ட்ரெமோலோவை 100-ல் வைத்திருக்கிறீர்கள், தபேலா உற்சாகத்தில் 102-க்குப் போய்விட்டது என்றால், 15 நொடியில் இரண்டுக்கும் அரை அடி இடைவெளி விழுந்துவிடும். அடிக்கு 4 என்று துடிக்கும் ட்ரெமோலோவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: நாலு நொடிக்குள்ளேயே மேடு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் வந்து நிற்கும். ரிதம் பேடிலிருந்து லூப் ஓடும் பாட்டுக்கு மட்டும் டெம்போவோடு பூட்டிய, ஆழமான, சதுர அலை ட்ரெமோலோவைப் பயன்படுத்துங்கள். ஆள் வாசிக்கும் பாட்டுக்கு 5.5 ஹெர்ட்ஸ் அளவில், முக்கோண அலையில், டெப்த் 40 போதும். அது தாளமாகக் காதில் விழாது, மினுமினுப்பாக விழும். டெம்போ நகர்ந்தாலும் யாருக்கும் உறுத்தாது.

ஸ்லைசர் என்ற எஃபெக்டும் பல ப்ராசஸர்களில் இருக்கிறது. ஒலியைத் தாள அமைப்பாக வெட்டும். லூப் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

வரிசையில் எங்கே வைப்பது

ட்ரெமோலோவை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் ஒலியளவு பெரிதாக மாறாது, கரகரப்பு மட்டும் கூடிக் குறையும். டிஸ்டார்ஷன் ஒலியை அமுக்கிச் சமமாக்குவதால் டெப்த் விழுங்கப்படுகிறது. துடிப்பு தெளிவாக வேண்டுமென்றால் டிரைவுக்கும் ஆம்ப் மாடலுக்கும் பின்னால் வையுங்கள். ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர் எப்போதும் ட்ரெமோலோவுக்கு முன்னால். பின்னால் வைத்தால் நீங்கள் இறக்கியதை அது ஏற்றிவிடும். இதே காரணத்தால் மிக்சரில் சவுண்ட்காரர் கிட்டார் சேனலில் கம்ப்ரசர் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். ஒலி தணிந்ததும் இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட்டும் முன்னால்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது மூடித் திறந்து ஒலியின் வாலை நறுக்கும்.

எதிரொலி சேர்க்கும் ரிவர்ப் விஷயத்தில் இரண்டு வழியும் சரி. 1960-களின் பிளாக்ஃபேஸ் ஃபெண்டர் ஆம்ப்களில் ரிவர்பைக் கலந்த பிறகுதான் ட்ரெமோலோ. அதனால் ரிவர்பின் வாலும் சேர்ந்து துடிக்கும். அந்தப் பழைய சாயல் வேண்டுமென்றால் ட்ரெமோலோ கடைசியில். துடிப்புக்கிடையே ரிவர்ப் நிரம்பி மென்மையாக வேண்டுமென்றால் ரிவர்ப் கடைசியில்.

பேனுக்கு இந்த விட்டுக்கொடுப்பு இல்லை. அதற்குப் பின்னால் மோனோவில் இயங்கும் எந்த எஃபெக்ட் வந்தாலும் இரண்டு பக்கமும் அங்கேயே ஒன்றாகிவிடும். ஆம்ப் மாடல்கள் பெரும்பாலும் மோனோ உள்ளீடு கொண்டவை. லைன் 6 நிறுவனத்தின் எச்எக்ஸ் ஸ்டாம்ப் ப்ராசஸரில் பல எஃபெக்ட்டுகளுக்கு மோனோ, ஸ்டீரியோ என்று இரண்டு வடிவம் உண்டு. ஸ்டீரியோ பேனுக்குப் பின் ஒரு மோனோ டிலேயைத் தெரியாமல் வைத்தால் போதும், பேன் காலி. பேன் வேலை செய்யவில்லை என்றால், அதற்குப் பின்னால் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் விரிவு திரும்புகிறதோ, குற்றவாளி அதுதான்.

எந்த ட்ரெமோலோ

சில ப்ராசஸர்களில் ட்ரெமோலோவே நாலைந்து வகை இருக்கும். ஆப்டிகல் வகை, விளக்கும் ஒளியுணர் மின்தடையும் சேர்ந்து செய்த பழைய ஃபெண்டர் சர்க்யூட்டின் நகல். இறக்கம் சற்றுக் கூர்மையாக இருக்கும், கூட்டத்தில் நன்றாக எடுபடும். பயாஸ் வகை வழுவழுப்பானது; ஆறேழு பேர் சேர்ந்து வாசிக்கும்போது காணாமல் போய்விடும். ஹார்மோனிக் வகை வேறு ரகம். ஒலியைக் கீழ், மேல் என்று பிரித்து ஒன்றை ஏற்றும்போது மற்றதை இறக்கும். மொத்த அளவு அதிகம் விழுவதில்லை, ஒலியின் நிறம்தான் அசையும். மோனோ மேடையில் பேனின் அசைவை நினைத்து ஏங்குபவருக்கு இதுவே சரியான மாற்று. எச்எக்ஸ் ஸ்டாம்பில் இந்த மூன்றுமே இருக்கின்றன. உங்கள் ப்ராசஸரில் ஹார்மோனிக் இருந்தால் முதலில் அதைக் கேளுங்கள்: ரேட் 3 ஹெர்ட்ஸ், டெப்த் 60-லிருந்து தொடங்கலாம்.

வயர்

பேன் தோற்பதில் பெரும்பகுதி வயரில்தான். ஜிடி-1, எச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்றவற்றில் இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி ஜாக் இருக்கிறது. ஸ்டீரியோவுக்கு இரண்டு வயர், இரண்டு டிஐ பாக்ஸ் (கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி), மிக்சரில் இரண்டு சேனல். அந்த இரண்டு சேனலிலும் பேன் குமிழியை ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் திருப்பியாக வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் எல்லாம் வீண்.

ஜூம் ஜி1 ஃபோர் வரிசையில் அவுட்டும் ஹெட்போனும் ஒரே ஸ்டீரியோ ஜாக். அதில் சாதாரணக் கிட்டார் வயரைச் செருகினால் இடது மட்டும்தான் போகும். இரண்டும் வேண்டுமென்றால் ஒரு ஸ்டீரியோ பின்னிலிருந்து இரண்டு மோனோ பின்னாகப் பிரியும் வயர் வாங்க வேண்டும். ஒரு முனையிலும் மறுமுனையிலும் ஸ்டீரியோ பின் உள்ள வயரை மிக்சரின் பேலன்ஸ்ட் இன்புட்டில் நேராகச் செருகுவது பெரிய ஆபத்து. அந்த இன்புட் இடதிலிருந்து வலதைக் கழித்துத்தான் எடுக்கும். இரண்டிலும் பொதுவாக உள்ள ஒலி முழுக்க அடிபட்டுவிடும். பேன் போட்டிருந்தால் ஒலி நடுவுக்கு வரும்போதெல்லாம் மறையும். எஃபெக்ட் அணைத்திருந்தால் கிட்டாரே கேட்காது, அல்லது ரிவர்ப் மட்டும் தனியாக எங்கோ கேட்கும். ப்ராசஸர் பழுதாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் இந்த வயரைப் பாருங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியது

ஒரே பாட்டுக்கு இரண்டு பேட்ச் சேமித்து வையுங்கள். டோன், டிலே எல்லாம் ஒன்றே. ஒன்றில் பேன், மற்றதில் ட்ரெமோலோ. பக்கத்துப் பக்கத்து எண்ணில் இருந்தால் மேடையில் ஒரு மிதியில் மாறலாம். மேடை ஏறியதும் சவுண்ட்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, மெயின் ஸ்டீரியோவா, மோனோவா?" பதில் தெளிவாக இல்லையென்றால் நீங்களே சோதிக்கலாம். பேன் பேட்ச்சை ரேட்டைக் குறைத்து, டெப்த்தை முழுக்க வைத்து ஒரு கார்டை மீட்டுங்கள். குழுவில் ஒருவரை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஒலி பக்கம் மாறுவதை அவர் கையால் காட்டினால் பேன் பேட்ச், இல்லாவிட்டால் ட்ரெமோலோ பேட்ச்.

ரெக்கார்டிங்குக்கு இதையே திருப்பிச் செய்யுங்கள். பேன் போட்டு மிக்ஸ் முடித்ததும் மாஸ்டரில் மோனோ பொத்தானை அமுக்கிக் கேளுங்கள். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போனிலும், டீக்கடையில் தொங்கும் ஒற்றைப் பெட்டியிலும் உங்கள் பாட்டு அப்படித்தான் ஒலிக்கும். அங்கே கிட்டார் தணிந்துபோனால் பேன் டெப்த்தைப் பாதியாகக் குறைத்து, அதே ட்ராக்கில் டெப்த் 20 அளவுக்கு ஒரு மெல்லிய ட்ரெமோலோவை அதே டெம்போவில் சேர்த்துவிடுங்கள். ஹெட்போனில் விரிவு இருக்கும், மோனோவில் துடிப்பு மிஞ்சும்.